பிளேடு நுழைகிற இடைவெளி

வில்பட்டியில் எங்கள் வயலுக்குக் கீழே ஓடையில் ஒரு குழி இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் இரவெல்லாம் அதில் நிறையும். காலையில் ஒரு வீட்டுக்காரர் இன்ஜின் வைத்து இறைத்துக்கொள்வார். நாளுக்கு ஒரு வீடு என்று முறை. இதில் ஊர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எதிர் மேட்டுத் தைல மரங்களின் உச்சியில் வெயில் விழுவதற்குள் முறைக்காரரின் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பாதியில் இன்ஜின் நின்று, திரும்பக் கிளம்பாவிட்டாலும் அப்படித்தான். தவறவிட்டவர்கள் முறை ஒரு சுற்று சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போன ஜனவரியில் எங்கள் முறைக்கு முந்தின நாள், எதற்கும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்று அண்ணி இன்ஜின் கயிற்றை இழுத்தார். கயிறு எந்தப் பிடிமானமும் இல்லாமல் சும்மா வந்தது. நான் இழுத்தேன். அப்போதும் அப்படியே. சைலன்ஸர் பக்கம் ‘புஸ்’ என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

அது சீமெண்ணெய் இன்ஜின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றுகிற சின்ன ரகம். அண்ணன் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். விவசாயம் அவனுக்குப் பேச்சோடு சரி. அதனால் இந்தத் தடவை வயலை அண்ணியே தன் பொறுப்பில் எடுத்து, தன் அம்மா வீட்டிலிருந்து விதை கொண்டுவந்து பூண்டு நட்டிருந்தார். அது பல் திரளும் பருவத்தில் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தப்பினால் பூண்டு சுண்டிப்போகும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பெருக்காது.

அண்ணனுக்கு போன் போட்டோம். “லீவு கூட்டம் பிள்ள, மூச்சு விட நேரமில்ல. ஞாயித்துக்கெழம மெக்கானிக்கக் கூட்டியாறேன். அதுவரைக்கும் கழட்டிக் கிழட்டிப் போட்றாத” என்றான்.

போனை வைத்ததும் அண்ணி சொன்னார்: “நாளைக்கு வெள்ளனே தண்ணி வேணும். ஞாயித்துக்கெழம வந்து இவரு என்ன, மாலை போடப் போறாரா? நீ இதுக்குத்தான பிள்ள படிச்ச? கழட்டு.”

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு டவுனில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். சுடுதண்ணீர் எப்போது வரும், வைஃபை ஏன் வரவில்லை என்ற கேள்விகளுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்கிற வேலை. கழட்டு என்று ஒருவர் வாயால் சொன்னதே எனக்குப் போதும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கொட்டகையில் சாக்கை விரித்தேன்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி கரிப்புள்ளிகள். வால்வு சரியாக மூடி உட்காராமல் காற்று அந்த வழியாகத் தப்பிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்து கொடைக்கானல் பஜாருக்குப் போனேன்.

ஸ்பேர்ஸ் கடை பாய் டப்பாக்களைத் துழாவிவிட்டுக் கையை விரித்தார். “புது வால்வு ஸ்டாக் இல்ல பாப்பா. திண்டுக்கல்லுல இருந்து வரணும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்.”

“நாளைக்குக் காலையில தண்ணி முறை பாய்.”

“அப்ப இருக்கறதயே அரைச்சுப் போடச் சொல்லுங்க. பேஸ்ட் தாரேன். மெக்கானிக்கு யாரு?”

“நான்தான்.”

பாய் கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார். “நீங்க அந்த ஹோம்ஸ்டே ரிசப்ஷன் பொண்ணுல்ல? கீஸர் ஓடலன்னா ஆள் அனுப்புங்க, ஆள் அனுப்புங்கன்னு எனக்குத்தான போன் பண்ணுவீங்க?”

“அது அவங்க கீஸர் பாய். இது எங்க இன்ஜின்.”

சிரித்துக்கொண்டே பேஸ்ட் டப்பா, நுனியில் ரப்பர் வைத்த குச்சி, ஃபீலர் கேஜ் மூன்றையும் எடுத்து வைத்தார். ஃபீலர் கேஜ் என்பது விசிறி போல விரிகிற இரும்பு பிளேடுகளின் கட்டு. ஒவ்வொரு பிளேடும் ஒரு கனம். சிலது காகிதத்தைவிட மெலிசு.

அரைப்பது சுலபம். வால்வின் விளிம்பில் மணல் போல் நறநறக்கிற பேஸ்ட்டைத் தடவி, அது உட்காருகிற இடத்திலேயே வைத்து, தலையில் ரப்பர் குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே குச்சியை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். “மோர் கடையற சோலிக்கா இத்தன வருசம் பீஸ் கட்டுனாங்க?” என்றார் அண்ணி. புள்ளிகள் மறைந்து விளிம்பு சுற்றிலும் ஒரே சாம்பல் வளையமாக வந்தது.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். அரைபட்ட வால்வு தன் இடத்தில் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். இறங்கினால் அதன் தண்டு, அடியிலிருந்து அதைத் தூக்கிவிடுகிற டேப்பட்டில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிளேடு நுழைகிற அளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இன்ஜின் சூடாகும்போது தண்டு நீளும். நீள இடமில்லாவிட்டால் டேப்பட் வால்வை மூடவிடாமல் தாங்கிக்கொள்ளும், மறுபடியும் ‘புஸ்’தான். பைக் இன்ஜினில் இந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ உண்டு. இதில் கிடையாது. தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் இடைவெளி உண்டாக்க வேண்டும். தேய்த்தால் தேய்த்ததுதான்.

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது அளக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் அப்படித்தான் சொன்னார்கள். நான் பார்த்த பைக் வீடியோவிலும் அப்படித்தான். கயிறு சுற்றுகிற சக்கரம் அசையாமல் அண்ணி பிடித்துக்கொள்ள, வால்வை விரலால் அமுக்கிக்கொண்டு பிளேடை விட்டேன். இருப்பதிலேயே மெலிசுகூட நுழையவில்லை. அரிவாள் தீட்டுகிற கல்லில் எண்ணெய் விட்டு நுனியைத் தேய்த்தேன். அளந்தேன். நுழையவில்லை. திரும்பத் தேய்த்தேன். எனக்குப் பொறுமை கம்மி. அளப்பதைக் குறைத்துத் தேய்ப்பதைக் கூட்டினேன். கடைசியில் தேவையான பிளேடு லேசான இழுவையோடு உள்ளே போனது. “முடிஞ்சது அண்ணி!” என்று கத்தியேவிட்டேன்.

அண்ணி கையைத் துடைக்கச் சக்கரத்தை விட்டார். அது துளி நகர்ந்தது. பிளேடு நழுவிச் சாக்கில் விழுந்தது.

“என்ன பிள்ள, அதுக்குள்ள லூசாயிருச்சு?”

பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கியது ஒரு நூல் அளவுதான். வால்வு மூடியே இருக்கிற நேரம் அது. இடைவெளி மாறக் கூடாது. சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பச் சொன்னேன். உச்சியில் இறுக்கம். கொஞ்சம் தாண்டினால் தளர்ச்சி. அங்கே இரண்டு பிளேடுகளைச் சேர்த்துவைத்தே நுழைக்க முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது டேப்பட்டைத் தூக்குகிற கேமின் முதுகில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. கயிறு இழுப்பவருக்குப் பாரம் தெரியாமல் இருக்க, அந்த ஒரு கணம் மட்டும் வால்வை மயிரிழை திறந்துவிட்டுக் காற்றைக் கொஞ்சம் விடுவதற்காக வைத்த மேடு. பைக் வீடியோவில் அது எப்படி வரும்? நான் அந்த மேட்டின் மேல் வைத்து அளந்து, அது அடைத்திருந்த இடத்தையெல்லாம் தண்டிலிருந்து தேய்த்து எடுத்திருந்தேன்.

“அப்ப கூடத் தேச்சுட்டியா?”

“ஆமா அண்ணி.”

“திரும்ப ஒட்ட வைக்க முடியாதா?”

“முடியாது.”

அண்ணி எழுந்து வெளியே போனார். வரப்பில் ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்பி வந்து சாக்கில் உட்கார்ந்தார். அதற்குள் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. தண்டை நீட்ட முடியாது. ஆனால் வால்வை இன்னும் அரைத்தால் அது இன்னும் கீழே இறங்கும். இறங்கினால் இடைவெளி குறையும். சொன்னதும் அண்ணி குச்சியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

வேகமாக நடக்கிற வேலையில்லை. மாற்றி மாற்றி உருட்டினோம். உள்ளங்கை இருவருக்கும் சிவந்து காந்தியது. இந்த முறை உச்சியைத் தாண்டி வைத்தே அளந்தேன். பிளேடு பிளேடாக இடைவெளி குறைந்து வந்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில், இருக்க வேண்டியதைவிட ஒரு பிளேடு கனம் மட்டும் கூடுதலாக நின்றது.

“இன்னும் கொஞ்சம் அரைப்போமா?”

“வேணாம் அண்ணி. பேஸ்ட்டும் இல்ல. லூசா இருந்தா சத்தம் போடும், கயிறு கனக்கும், அவ்வளவுதான். டைட்டானா சூட்டுல நின்னுரும்.”

“சத்தம் போட்டுட்டுப் போகட்டும். நின்னுறக் கூடாது” என்றார். வெரசாகப் பூட்டி முடித்தோம்.

காலையில் புல்லெல்லாம் பனி வெள்ளையாகக் கிடந்தது. இன்ஜினைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போனபோது, அடுத்த முறைக்காரரான பக்கத்து வயல் மாமா தன் ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். குல்லா, ஸ்வெட்டர், பீடி.

“என்ன மருமகளே, நேத்து இன்ஜினை அக்கு அக்காக் கழட்டிப் போட்டிருந்தீங்களாம்ல? எல்லாத்தையும் திரும்ப உள்ள வச்சாச்சா, இல்ல மிச்சம் கெடக்கா?”

“மிச்சம் கெடந்தா உங்களுக்குத்தான் மாமா. உங்க இன்ஜினுக்கு ஆகும்” என்றார் அண்ணி.

நான் இழுத்தேன். கயிறு பாதியில் வெடுக்கென்று திரும்பி என் கையைச் சுண்டியது. இடைவெளி கூடுதல் என்பதால் அந்த மேட்டுக்கு வால்வு எட்டவில்லை. முழுப் பாரமும் கயிற்றில் வந்தது. ஆனால் பாரம் வந்ததே எனக்குச் சந்தோஷம். காற்று தப்பவில்லை. அண்ணியும் நானும் சேர்ந்து பிடித்தோம்.

“என்னத்தா, தேரா இழுக்கறீங்க?”

“வடம் பிடிக்க வாங்களேன் மாமா.”

“என் முறை வரட்டும், பிடிக்கேன்.” அவர் கண் தைல மரங்கள் மேலேயே இருந்தது. மரத்துக்கு மேலே வானம் வெளுத்துவிட்டது. மூன்றாவது இழுப்பில் இன்ஜின் இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. டக் டக் டக்கென்று ஓடை முழுக்கச் சத்தம்.

“உள்ள யாரோ கதவத் தட்டுறாப்புல இருக்கு பாப்பா. தொறந்து விடு.”

“தட்டுனாத்தான் மாமா நல்லது.”

அவர் எழுந்து போகவில்லை. சூடேறட்டும், நிற்கும் என்ற கணக்கு. சீமெண்ணெய்க்கு மாற்றினேன். அண்ணி மேலே மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பாதி வயல் தாண்டியிருக்கும். ஹோஸில் தண்ணீர் திடீரென்று மெலிந்தது. குழிக்குள் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் நுனியில் இருக்கிற ஃபுட்வால்வை இலை அடைத்துவிட்டது. இன்ஜினை நிறுத்தாமல் எடுக்க முடியாது. திரும்பக் கிளம்ப வேண்டுமே என்று பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினேன். சட்டென்று ஓடை அமைதியானது. மாமா பீடியைப் பாறையில் நசுக்கிவிட்டு எழுந்து நின்றார். அண்ணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி இலைகளைப் பறித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணி என்னை எதிர்பார்க்காமல் தனியாகவே கயிற்றைச் சுற்றிவிட்டார். கை சுண்டும் என்று கத்தினேன். இழுத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு வந்தது, இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. தட்டுகிற சத்தமும் பாதியாகக் குறைந்திருந்தது. சூட்டில் தண்டு நீண்டு, கூடுதலாக இருந்த அந்த ஒரு பிளேடு இடத்தை அடைத்திருக்க வேண்டும். மேடு இப்போது வால்வுக்கு எட்டுகிறது.

“காலையில ரெண்டு பேரு தொங்குனீங்க?” என்றார் மாமா.

“காலையில அதுக்குக் குளிரு மாமா” என்றார் அண்ணி, மேலே ஏறிக்கொண்டே.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது வெயில் எங்கள் வயலுக்கே இறங்கிவிட்டது. மாமா ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார். அண்ணி குனிந்து, ஈர மண்ணில் விரலைக் கணு மறைகிற அளவுக்கு இறக்கிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, போதும், நிறுத்து என்று எனக்குச் சைகை காட்டினார்.