பரிமளம் மிஸ்ஸும் உரித்துப்போட்ட மட்டைகளும்

களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து நஸீரா அழைத்தாள். நூலகத்தில் என்னோடு வேலை செய்பவள். "பரிமளம் மிஸ் மவுத்தாகிட்டாங்க" என்று அழுதாள். பிறகு, "நீங்க இரங்கல் பேச்சு எழுதித் தரணுமாம், நூலகக் குழுத் தலைவர் இப்பவே கேக்கிறார்" என்றாள். உடல் வீட்டுக்கு வருமுன் பேச்சு வேண்டுமாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மிஸ்ஸை அறிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். பழைய நூல்களுக்குப் பொறுப்பாக இருந்தவர், நூலின் உள்ளே இருப்பதைவிட அதைக் கட்டியிருக்கும் விதத்தைத்தான் முதலில் பார்ப்பார். கொட்டாஞ்சேனையில் புத்தகம் கட்டும் பட்டறைகளில் நூலின் முதுகுக்குள் பழைய அச்சுத் தாள்களை ஒட்டிக் கட்டுவார்கள். முதுகுத் தோலை மெல்ல விலக்கி அந்தத் தாளைப் படித்தே, எந்தக் காலத்துக் கட்டு என்று சொல்லிவிடுவார்.

ஓர் அமைச்சர் வருகிறார் என்று, அந்த நூல்களையெல்லாம் ஒரே நிறத்தில் கட்டச் சொன்னது நூலகக் குழு. தோல் மட்டைகளை உரித்துக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு மெரூன் றெக்சின் ஒட்டினார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை மேடைதோறும் சொல்லி அழுதவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

"மட்டைதானே மிஸ்? புத்தகம் உள்ளுக்குப் பத்திரமா இருக்குத்தானே?" என்றார் தலைவர்.

"ஆளின்ர தோலை உரிச்சுப்போட்டு, உயிர் கிடக்குத்தானே எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு உங்கட கதை" என்றார் மிஸ்.

கூடையிலிருந்து பொறுக்கிய மட்டைகளைச் சந்தைப் பையில் போட்டு வெள்ளவத்தையில் இருந்த தன் வாடகை அறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைக் கவிழ்த்தான். புத்தகமில்லாத மட்டைகளைப் பார்த்துத் திகைத்து, "பொத் கோ?" என்றான், புத்தகங்கள் எங்கே என்று.

"ஏக்க தமய் மமத் அஹன்னே, மல்லி" என்றார் மிஸ். அதைத்தான் நானும் கேட்கிறேன் தம்பி.

அவன் சிரிக்கவில்லை. மட்டைகளை அடுக்கி, பைக்குள் வைத்துக் கொடுத்தான்.

எந்த மட்டை எந்தப் புத்தகத்துடையது என்று எழுதி, ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டினார் மிஸ். நூலகத்தில் அவற்றுக்கு ஓர் அலுமாரி கேட்டார். "குப்பைக்கு அலுமாரியோ?" என்றது குழு. ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். மட்டைகள் அவர் கட்டிலுக்கடியிலேயே கிடந்தன.

யுத்தத்தால் பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து உறவென்று ஒருவரும் வரவில்லை. மரணவீட்டுக்குத் தலைவர் வந்தார். நான் பேச்சு எழுதிக் கொடுக்காதபோதும், "நூலைக் காத்த தாய்" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். அனுதாபக் குறிப்பேடு ஒன்றை என்னிடம் நீட்டி எழுதச் சொன்னார். மெரூன் றெக்சின், பொன்னெழுத்தில் மிஸ்ஸின் பெயர். நான் பேனையைத் தொடவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமுன் வீட்டுக்காரர் மிஸ்ஸின் அறையைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டார். நஸீராவும் நானும் ஒரு திரீவீலரைப் பிடித்து மட்டைகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அலுமாரியை இனி நான் கேட்பேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்தவை இந்த மட்டைகளும், இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் வயிற்றைப் புரட்டும் அந்தக் குணமும்தான். அலுமாரி கிடைக்கிற அன்றைக்கு மட்டைகளைக் கொடுத்துவிடுவேன். மற்றதைக் கொடுக்க மாட்டேன்.