அப்பாவின் ஜப்பான் சூரர்கள்

மழை ஈரத்தில் என் காரின் பின்பக்கம் வழுக்கி, டயர் கிறீச்சிட்டது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி நேராக்கினேன். பக்கத்தில் அப்பா கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

அந்தக் கிறீச்சிடல் ஜெர்மனியில் எங்கள் டோர்ட்மண்ட் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் சத்தம். ஜப்பான் மலைப்பாதைகளில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் சூரர்களை அப்பா வீடியோவில் வாய்பிளந்து பார்ப்பார். சோபாவில் அவரருகே அண்ணனுக்குத்தான் இடம்.

"அவன்ர கையைப் பாரடா!" என்று அண்ணனுக்கு மட்டும் காட்டுவார்.

அண்ணன் முறுக்கைக் கடித்தபடியே உறங்கிவிடுவான். தேத்தண்ணியோடு கதவடியில் நின்ற நான்தான், வயிறெரிய, அந்தக் கைகளைப் பார்த்தேன்.

இப்போது அப்பா என் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரி! உந்த வெட்டு கொண்ணன் பழக்கினவனே?"

அண்ணன் இன்றுவரை லைசென்ஸே எடுக்கவில்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.