பழவேற்காட்டு ஏரியில் ஒரு பொட்டலம்

டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, பாய்மரப் படகில் முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். நானும் குமாரும் எங்கள் மேஸ்திரி பஷீர் பாயும் ஆம்பூரில் ஒரே தோல் ஷெட்டில் வேலை செய்கிறோம். உப்பிட்டு வரும் தோலை முகர்ந்து பார்த்து அழுகியதை ஒதுக்குவது என் வேலை.

கரையில் கருவாடு காய்கிறது. குமார் மூக்கைப் பொத்துகிறான். அவனைப் பார்த்து நானும் பொத்துகிறேன். தை மாதத்திலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கடல் காற்று பட்டால் சரியாகும் என்று நம்பித்தான் இவர்களோடு வந்தேன்.

விடிகாலையில் ஊரில் கட்டிய பிரியாணிப் பொட்டலத்தை பஷீர் பாய் பிரித்து என்னிடம் நீட்டுகிறார்.

"வெயில் ஜாஸ்தி. கெட்டுப் போச்சா பாரு."

"இவன் மூக்கு இருக்கச் சொல்ல நமக்கு இன்னா பயம் பாய்?" என்று குமார் சிரிக்கிறான்.

மூச்சை ஆழமாக இழுக்கிறேன். வெறும் காற்றுதான் உள்ளே போகிறது.

"நல்லாத்தான் கீது பாய்."

பின்னால் சுக்கான் பிடித்திருக்கும் படகுக்காரர் குனிந்து பார்க்கிறார்.

"அண்ணே, துன்னாதீங்க. ஊசிப்போன வாடை இங்க வரைக்கும் அடிக்குது. வயிறு பேஜாராயிடும்."

குமார் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. பஷீர் பாய் என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கித் தண்ணீரில் கொட்டுகிறார்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

"தை மாசத்துலேர்ந்து."

"நாளைக்குத் தோல் லோடு வருதேப்பா" என்கிறார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.