அம்மா தேடிய இன்னொரு விரிப்பு

எங்கள் தாயார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் வீட்டில் அவர் அச்சுப் போட்ட தலையணை உறையோ படுக்கை விரிப்போ இருக்கும். அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில். திருமணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். எழுபதுகளில் அப்பா இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட, குடும்பம் அம்மாவின் கைக்கு வந்தது. ஆமணக்கு, புங்கன் என்று அகப்பட்ட இலையின் நரம்புப் பக்கத்தில் சாயம் தடவித் துணிமேல் கவிழ்த்து, காகிதத்தால் மூடி, சப்பாத்திக் கட்டையை உருட்டுவார். இலையை எடுத்தால் ஒவ்வொரு நரம்பும் துணியில் தெரியும். அலசும்போது சாயம் ஓடிவிடுமோ என்று வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கவலைப்பட ஒன்றுமில்லை என்றால் அதற்கும் கவலைப்படுகிறவர் அவர்!

ஒருமுறை மூன்று மூன்றாகப் பிரிந்த இலை ஒன்று அழகாக இருக்கிறதென்று அச்சுப் போட்டார். அந்த விரிப்பை, ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வாங்கிப் போனார். கோயில் வாசலில் பூ விற்கும் அத்தை, முற்றத்தில் சாயத்தோடு கிடந்த இலையைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"வில்வத்தையா போட்டே? அது மேல காலை நீட்டிப் படுப்பாங்களே!"

அந்த வாரமே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஊசி போட்டும் இறங்கவில்லை. அம்மா சோறு இறங்காமல் தவித்தார்.

"அந்தம்மா அது மேல படுத்துனு இருந்தா, இவன் எப்படிடி எழுந்திருப்பான்?" என்று என்னிடம் அழுதார்.

புங்க இலை போட்ட புது விரிப்போடு அந்த அறைக்கு ஓடினோம். அந்த அம்மாள் வில்வத்தின்மேல்தான் படுத்திருந்தார், கல்லுக்குண்டாக! "உங்களுக்கு ஜுரம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று அம்மா கேட்டதை, அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். தம்பிக்கும் காய்ச்சல் விட்டது. மருந்தா, விரிப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அந்த விரிப்பை விரிக்கவும் பயம், எறியவும் பயம். பெட்டியில் கிடந்தது. அதற்குப் பிறகு எந்த இலையைக் கொடுத்தாலும், "இது சாமிக்கு ஆகறதா?" என்று கேட்காமல் அம்மா தொட்டதில்லை. மூச்சுத் திணறலோடு போராடிய கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பவே வில்வத்துல இன்னொண்ணு போட்டேன்டி. யாருக்குக் கொடுத்தேன்னு ஞாபகம் வரலை" என்றார். அதைத் தேடித் தர முடியவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா போன அன்று தம்பி பெட்டியைத் திறந்தான். எனக்குப் பயம்.

"கீழதானேக்கா போடக்கூடாது? மேல போத்தலாம்" என்றான். போர்த்தினோம்.

வேங்கிக்காலிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த டாக்டருக்கும், அன்று பூவுக்குக் காசு வாங்காத அத்தைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

உங்கள் வீட்டு விரிப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருந்தால், அதன்மேல் படுக்காதீர்கள்; போர்த்திக்கொள்ளுங்கள். எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். படத்துக்கு முன்னால் நின்று அம்மாவிடம் சொல்ல வேண்டும், கிடைத்துவிட்டது என்று.