செத்த நட்சத்திரத்தின் சிக்னல்

யுத்த காலத்தில் ஒருநாள், கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கெம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாராம்.

"என்ன ஆராய்ச்சிங்க?"

"செத்த நட்சத்திரம் ஒண்ணு சுத்திக்கிட்டே டக் டக்னு ரேடியோ சிக்னல் விடுதுங்க. வர்ற வழியில வாயு, அதாங்க கேஸ், மேகம் மாதிரி மிதக்குது. அதுல பட்டுக் கொஞ்சம் சிக்னல் வளைஞ்சிரும். நேரா வர்றது முந்தி வந்துரும், வளைஞ்சது எதிரொலி மாதிரி பிந்தி வரும். அதை வச்சு அந்த கேஸ் எங்க இருக்குன்னே சொல்லிரலாம்."

"செக் பொயின்ட்ல கேட்டா வாத்தியார்னு சொல்லிருங்க" என்றேன். சிரித்தார்.

செக் பொயின்ட்டில் ஏறிய சிப்பாய், அவருடைய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். ரேடியோ சிக்னல் ஆராய்ச்சி என்று இவரும் நல்ல சிங்களத்தில் சொன்னார்.

"சிக்னல் அனுப்புறது யாரு?"

"யாரும் இல்லைங்க மாத்தயா. செத்துப்போன ஒண்ணுதான் அனுப்புது."

கேலி செய்கிறார் என்று நினைத்த சிப்பாய், சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனான். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியவே இல்லை.

தன் நட்சத்திரத்தைப் பற்றி ஒருவன் கேள்வி கேட்டுவிட்டானே என்று, பதில் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.