முதுகில் பந்து படாது

சாஃப்ட்பால் என்று பெயர் வைத்த மகராசனைக் கூட்டி வந்து, அந்தப் பந்தாலேயே நெஞ்சில் ஒன்று போட்டுக் காட்ட வேண்டும் என்பாள் கோச். மென்மையெல்லாம் பெயரில்தான். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிசு, கல்லு மாதிரி இருக்கும். மட்டையோடு நிற்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருஷக்கணக்காக அதைப் பிடித்த கேட்ச்சர் அவள். பிடிக்க முடியாத பந்தைக் கேட்ச்சர் உடம்பால் நிறுத்த வேண்டும். முட்டி போட்டு, தாடையை நெஞ்சில் அழுத்தி, கண்ணை மூடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளைத் தாண்டி ஒன்றும் போகாது என்பதால் எதிரணிக்காரிகள் அவளுக்கு மதில் என்று பட்டம் கட்டினார்கள்.

நாட்டுக்காக ஆடியவள். ஒரு இறுதிப் போட்டியில் கடைசி ஓட்டத்துக்கு ஓடி வந்த ஒருத்தி, முட்ட வந்த மாடு மாதிரி தலையால் இடித்தாள். இவளுக்கு முன்பல் இரண்டும் போயிற்று. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, கையுறைக்குள் பத்திரமாக இருந்த பந்தை எடுத்து நடுவருக்குக் காட்டினாள். மறுநாள் பேப்பரில் ஓட்டைப் பல்லோடு அவள் சிரிக்கிற படம் வந்தது.

வீட்டில் அந்தப் படத்துக்காக உதை விழுந்தது. புருஷன் பெரிய உத்தியோகம் பார்த்தவன், வெளியே அதிர்ந்து பேசாத ஆள். "ஊரே பாக்க இளிச்சிட்டு நிக்கிறியா," என்று பேப்பரைச் சுருட்டி வாயிலேயே அடித்தான். தையல் போட்ட ஈறு பிய்ந்தது. அவனுக்கு ஒரு வசதி இருந்தது. கேட்ச்சர் உடம்பில் எப்போதும் எங்கேயாவது கன்றிப்போய்த்தான் இருக்கும், யார் கேட்கப் போகிறார்கள்? கன்னம் வீங்கினால் பந்து. உதடு கிழிந்தால் பந்து. பெற்ற தாயிடமும் டாக்டரிடமும் "பந்து பட்டுச்சு" என்றே சொன்னாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பாள்.

திருப்பி ஒன்று வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியதுதான். வாங்கியே பழகிய உடம்பு, வாங்கிக்கொண்டது. உலகக் கோப்பைக்கு விமானம் ஏற இருந்த வாரம், அவளுடைய வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை எட்டி உதைத்தான். முன்கை எலும்பு ரெண்டாகப் போயிற்று. உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்தார்கள். பயிற்சியில் பந்து பட்டதால் விலகல் என்று பேப்பர்காரன் எழுதினான். அதற்குப் பிறகு அந்தக் கையால் பந்தைத் தூரமாக எறிய முடியவில்லை. கோச் ஆனாள்.

அந்தப் பாவி ஒருநாள் ஆபீஸ் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவளும் எல்லோரோடும் சேர்ந்து அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் போன பிறகும் அந்தப் பந்துப் பொய்யை அவள் விடவில்லை. மதிலை வீட்டில் ஒருவன் அடித்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கோச்சாக அவள் வாயைத் திறந்தால் மைதானத்துப் புல் கருகும். "வலிக்குதுன்னு சொல்ற வாய வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வாங்கடி," என்பாள். அந்த வாய்க்கெல்லாம் அசராதவள் ஆணி. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத கேட்ச்சர் என்பதால் அந்தப் பெயர். கல்யாணமானவள், புருஷன் கார் கடையில் விற்பனைக்காரன். மனைவியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் கொண்டுவந்து விடுவான். இப்படி ஒருத்தன் கிடைக்கணுமே என்று மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆணி நாட்டின் அணிக்குத் தேர்வாகியிருந்தாள். அடுத்த வாரம் பயணம்.

அன்று உடை மாற்றும் அறையில் அவள் சட்டையைக் கழற்றியபோது கோச் பின்னால் நின்றிருந்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வரிவரியாகக் கன்றியிருந்தது.

"என்னடி இது?"

"பந்து பட்டுச்சுக்கா."

"கேட்ச்சருக்கு முன்னாலதான் பந்து வரும். முதுகுல எப்படிடி படும்?"

ஆணி சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கும் இப்படித்தான் என்று கோச் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இன்னைக்கு என் வீட்டுல தங்கிக்கோ," என்று மட்டும் சொன்னாள் கோச்.

மறுநாள் காலை ஆணியின் புருஷன் அவள் பையோடு மைதானத்துக்கே வந்தான். சிரித்த முகம். "குட் மார்னிங் மேடம்," என்றான். அடுத்த மூச்சில் ஆணியின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துத் தரையில் தள்ளினான். பையிலிருந்து அலுமினிய மட்டையை உருவினான். அவளுடைய வலது மணிக்கட்டை ஷூவால் மிதித்தான்.

"இந்தக் கை இருந்தாத்தானே ப்ளேன் ஏறுவ?"

மட்டை இறங்கியது. கோச் முட்டி போட்டுக் குறுக்கே விழுந்தாள். அடி அவளுடைய வலது முன்கையில், பிளேட் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மடக்கென்று முறிந்த சத்தம் தூரத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்டது. அவன் மறுபடி ஓங்கினான். இந்த முறை உடம்பு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கீழே கிடந்த கேட்ச்சர் முகமூடியை இடது கையால் எடுத்து அவன் மூக்கில் இறக்கினாள். மூக்கு நசுங்கி ரத்தம் சட்டையெல்லாம் தெறித்தது. அவன் மல்லாந்தான். நெஞ்சில் முட்டியை ஊன்றி இன்னொன்று வைத்தாள், பல் ஒன்று புல்லில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததில் அவ்வளவு அவசரம் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவன் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டே முந்திக்கொண்டான். "பயிற்சியில பந்து பட்டுடுச்சு. மேடமுக்கும் எனக்கும். சின்ன விஷயம், நாங்க வீட்டுக்குக் கிளம்பறோம்." ஆணியின் தோளில் கையைப் போட்டான்.

பெண் போலீஸ் அதிகாரி ஆணியைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

ஆணி தோளிலிருந்த கையைப் பார்த்தாள். "ஆமாங்க. பந்துதான்."

விளையாட்டுச் சங்கச் செயலாளர், பார்த்த பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து, கோச்சின் காதருகே குனிந்தார். "பந்துன்னே சொல்லிடும்மா. பயண நேரத்துல அணி பேரு கெட்டா யாருக்கு லாபம்? நீ அவன் பல்ல உடைச்சதும் அதோட போயிடும்."

கோச் பந்து என்று சொன்னால் போதும், அவன் அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். கதவைச் சாத்திய பிறகு என்ன நடக்கும் என்பது அந்த அறையில் இரண்டு பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் கோச்சின் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க புது முறிவு. பக்கத்துலயே பழைய பிளேட். ரெண்டுமே பந்தாம்மா?"

கோச் ஆணியைப் பார்த்தாள்.

"புதுசு இவன் மட்டையால அடிச்சது. இவ கைய உடைக்க வந்தான், நான் குறுக்க விழுந்தேன். பழசு என் புருஷன். கதவுல வெச்சு உதைச்சான்." செயலாளர் இருமினார். அவள் நிறுத்தவில்லை. "பந்து என் எலும்ப எப்பவுமே உடைச்சதில்ல டாக்டர். ஒரு தடவகூட இல்ல. இவன் பல்ல நான்தான் உடைச்சேன், அதையும் எழுதிக்குங்க."

ஆணி தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே போட்டாள். எழுந்து போய், அதிகாரிக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையை மேலே தூக்கினாள்.

"ஏய்," என்று அவன் எழுந்தான். அதிகாரி அவனைச் சுவரோடு தள்ளி விலங்கை மாட்டினாள்.

டாக்டர் கோச்சின் கையை மெல்லத் தூக்கி வைத்து எலும்பைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்குதா?"

ஆணி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது," என்றாள் கோச்.