ரயிலின் மறு பாதியில் மாமியின் இன்சுலின்

போன கோடையில், பாரிஸிலிருந்து லூர்து நகருக்குப் போகும் ரயிலில் நடந்தது இது.

நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறார். நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மன்னாரிலிருந்து வந்து எங்களோடு வாழும் மாமிக்கு, கணவரின் அம்மாவுக்கு, லூர்து மாதாவைப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பிரெஞ்சு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால், பயணத்தை முழுக்க நானே ஏற்பாடு செய்தேன்.

பாரிஸ் நிலையத்தில் எந்த மேடை என்பதைக் கடைசி நேரத்தில்தான் அறிவித்தார்கள். கணவர் சூட்கேஸ்களோடு முன்னால் ஓடினார். மாமிக்கு முழங்கால் வலி. நாங்கள் மெல்ல நடந்து மேடைக்கு வரும்போது விசில் ஊதிவிட்டார்கள். கிடைத்த கதவால் ஏறினோம்.

கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் எங்கட பெட்டியிலை இருக்கிறன். உள்ளாலை நடந்து வாங்கோவன்" என்றார்.

நடந்தோம். ஓரிடத்தில் வழி முடிந்து சுவர் வந்தது. அங்கே நின்ற டிக்கெட் பரிசோதகர் விளக்கினார். இது இரண்டு ரயில்களைக் கோர்த்த ரயில். இடையில் பாதை இல்லை. வழியில் பிரிந்து, நாங்கள் ஏறிய பாதி ஸ்பெயின் எல்லைக்கும், கணவர் இருந்த பாதி லூர்துக்கும் போகும். பிரிவதற்கு முன் போர்தோ நிலையத்தில் இறங்கி மாறலாம், ஆனால் அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும். "மற்றப் பாதியின் பரிசோதகரிடம் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

மாமி மதியம் சாப்பிடுமுன் போட வேண்டிய இன்சுலின், கணவரிடம் இருந்த சூட்கேஸில்! நீளமான அந்த மேடையில் மாமியால் விரைந்து நடக்கவே முடியாது.

நான் பெட்டியின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் நிலைமையைச் சொன்னேன். என் கியூபெக் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள்.

"கத்தாதை பிள்ளை, சனம் பாக்குது."

"பாக்கட்டும் மாமி. பாத்தால்தானே வருவினம்."

மலைபோல ஒருவர் எழுந்து வந்தார். ரக்பி விளையாடுகிறவராம். மாமியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பணிவாகக் கேட்டார். நான் மாமியிடம் சொன்னேன்.

"என்ர மாதாவே! ஆம்பிளையோ தூக்கிறது?" என்ற மாமி, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினார்.

போர்தோவில் கதவு திறந்ததும் அவர் மாமியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு ஓடினார். மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நான் பின்னால் ஓடினேன். மாமி உரத்த குரலில் செபம் சொல்லிக்கொண்டே போனார். மறு பாதியின் வாசலில் கணவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். மாமியை உள்ளே இறக்கிவிட்டு அந்த மனிதர் திரும்பி ஓட, நானும் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. அவர் தன் பெட்டியில் ஏறினாரா? தெரியவில்லை. மாமி ஊசி போட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரயில் பிரியும் நிலையத்தில் யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். அவர்தான்! மாமி எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்திருந்தார். மாமி வாசலுக்குப் போய், "குனி ராசா" என்றார். மொழி புரியாமலே அவர் குனிந்தார். மாமி அவர் நெற்றியில் சிலுவை போட்டார்.

இப்போது மொன்றியலில் எங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்ததும், பிரான்ஸ் போகிறவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். ஈபிள் கோபுரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. பெட்டி இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள் என்பேன். ஒரு சிக்கல் வந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று கூசி நிற்காமல், நாலு பேருக்குக் கேட்கும்படி உதவி கேளுங்கள். எழுந்து வருகிற ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.